தாத்தாவின் கடவுச்சீட்டும் என் விண்ணப்பமும்

2016ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழியே பொறியியலில் சேர்ந்தால், முதல் பட்டதாரிச் சலுகையில் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். இல்லையென்றால், உதகை அரசு கலைக் கல்லூரியில் எனக்குப் பிடித்த வரலாற்றைப் படிக்கலாம். "எது படிச்சாலும் கடைசியில கவர்மெண்டு வேலைக்குப் போயிரணும்" என்பது மட்டுமே அப்பாவின் நிபந்தனையாக இருந்தது. எல்லாத் தந்தையரும் சொல்வதுதானே என்று எண்ணிக்கொண்டு நான் வரலாற்றில் சேர்ந்தேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மூன்றாண்டுகளில் ஒருமுறைகூட அவரிடம் கேட்கவில்லை.

பட்டம் பெற்ற 2019ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வை எழுதினேன். முதுகலை படிக்க வேண்டும் என்ற ஆசையை உள்ளே வைத்துக்கொண்டு, அப்பாவுக்காக எழுதுகிறேன் என்ற மனத்தாங்கலோடு படித்ததால், பாடநூல்களைப் புரட்டினேனே தவிர ஊன்றிப் படிக்கவில்லை. தேர்ச்சி பெறவில்லை.

அதன்பிறகு சாதிச் சான்றிதழில் இருந்த ஒரு பெயர்க் குழப்பத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தாத்தாவின் பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும், அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்ததால், ஓர் அலுவலகத்துக்கு ஏழு மாதங்கள் நடந்தோம். அதற்காகத்தான் அப்பாயி தன் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே தாத்தாவின் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறிக்கவும் செடிகளைக் கவ்வாத்து வெட்டவும் உழைத்த மனிதருக்கு, தான் ஒருநாளும் பார்த்திராத நாட்டின் கடவுச்சீட்டு.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால், இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர் என்பதையும், 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பிரித்தது என்பதையும் நான் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். அந்த 5,25,000 பேரில் என் தாத்தாவும் ஒருவர் என்பது பாடத்தில் எங்கும் என் மனத்தில் உறைக்கவில்லை. ஒன்பது வயதுச் சிறுவனாக அப்பா, தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பலில் வந்ததையும், மண்டபம் முகாமில் பெயர் கூப்பிடும்வரை தாத்தா காகிதங்களை மடியிலேயே வைத்திருந்ததையும் அப்பாயி அன்றுதான் சொன்னார். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காகவே 1968இல் வனத்துறை நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. இங்கும் அதே தேயிலை, தோட்டத் தொழிலாளருக்கான அதே லயம் என்னும் வரிசை வீடுகள். லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. அரசு வேலை என்று அப்பா சொன்னபோது அவர் மனத்தில் இருந்தவை, எவரும் கேள்வி கேட்க முடியாத ஒரு காகிதமும் எவரும் காலி செய்யச் சொல்ல முடியாத ஒரு வீடுமே. சம்பளம் அவருக்கு அதற்கு அடுத்ததுதான்.

ஆகவே, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் "நீங்கள் எதை இழந்தீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள்" என்று கேளுங்கள். "நான் என்ன படிக்கட்டும்" என்று மட்டும் கேட்டால், அவர்களுடைய அச்சம் அறிவுரையின் உருவில் வரும். அதை நாம் கட்டளையாக எடுத்துக்கொண்டு பணிவோம் அல்லது மீறுவோம். அச்சத்தின் காரணம் தெரிந்தால், அதில் எந்தப் பங்கு இன்றைக்கும் செல்லும் என்று நாமே எடைபோடலாம். எங்களுக்கென்று சொந்த வீடு வேண்டும் என்பதில் அப்பாவின் பக்கமே நியாயம் இருந்தது. அதற்காக வரலாற்றை விட்டுவிட வேண்டியதில்லை என்பது என் தீர்மானம். இரண்டாவது முறை நான் படித்தது எனக்காக.

2022ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். தமிழ்ப் பகுதியின் 100 வினாக்களுக்கு 150 மதிப்பெண்கள்; அதில் 60 பெறாவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். எனவே ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்ப் பாடநூல்களை நூல்வெளி பகுதிகூட விடாமல் மூன்று முறை படித்தேன். திறனறிவின் 25 வினாக்களில் நான் பலவீனமாக இருந்ததால், அதற்குத் தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினேன். தோட்டத்துப் பள்ளியில் படித்ததைக் குறையாகவே எண்ணி வளர்ந்த எனக்கு, தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமை பெரும் துணையாயிற்று. ஆனால் அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் பயின்றதைக் காட்டும் சான்றுகள் வேண்டும். பள்ளி மாறிப் படித்தவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் அதைப் பெற வேண்டும். அறிவிக்கை வரும்வரை காத்திராமல், பெயர் எழுத்து வேறுபாடுகளையும் சேர்த்து முன்பே சரிசெய்துவிடுங்கள். இன்று நான் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். முதுகலையைத் தொலைநிலையில் படித்துவருகிறேன்.

என்னைவிடப் பத்து வயது இளைய தம்பி இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை படிக்க வேண்டுமாம். நான் பட்டம் பெற்றுவிட்டதால் அவனுக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவன் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கோ சம்மதமில்லை. "மறுபடியும் மண்ணுக்கும் செடிக்குமா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவரை எதிர்த்துப் பேசாமல், தாத்தாவைப் பற்றிக் கேட்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் அப்பாயியின் தகரப் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.