கலங்கலில் தொடங்கி மதகு வரை

வேலூர்க் கோட்டை மைதானத்தில் காலையில் நாலு ரவுண்டு நடப்பவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்து நான் கடக்கும் தூரம், கணியம்பாடிப் பக்கத்து ஏரி ஒன்றின் உபரிநீர் வழியும் கலங்கலிலிருந்து மதகு வரைக்கும்தான். செடிகளைப் பார்த்துக்கொண்டு போவதுதான் முதலில் திட்டம். பூச்சிகள் தாமாக வந்து சேர்ந்துகொண்டன.

ஊரை வெயிலூர் என்று கேலி செய்வார்கள். ஆனால் ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை நாலைந்து விழுந்துவிட்டால் ஏரிக்கரை ஆளே மாறிவிடும். நேரம்தான் இதில் முக்கியம். விடிந்ததும் போனால் கானாவாழையின் நீலப்பூ விரிந்திருக்கும், உச்சிக்கு முன் சுருங்கிவிடும். வண்ணத்துப்பூச்சிக்கோ உடம்பில் வெயில் ஏற வேண்டும். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை என்பது எனக்குச் சரிப்பட்டது. கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. போனில் மாட்டும் மலிவான மேக்ரோ கிளிப் லென்ஸ் போதும். பூவிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் வைத்தால்தான் படம் துல்லியமாக வரும். காற்றுக்குப் பூ ஆடும் என்பதால் இடது கையால் தண்டைப் பிடித்துக்கொள்கிறேன்.

கரையில் ஆடு மேய்க்கும் ஆயா ஒருவர் உண்டு. நான் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, ஏதாச்சும் தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். பூவைப் பார்க்கிறேன் என்றதும் அவருக்குக் குஷியாகிவிட்டது. மூக்குத்திப்பூண்டு, விஷ்ணுகிரந்தி, ஓரிதழ்த்தாமரை, நாயுருவி என்று கோலாலேயே தொட்டுத் தொட்டுக் காட்டினார். எதை ஆடு தின்னும், எதை முகர்ந்துவிட்டுப் போய்விடும் என்பதும் அவருக்கு அத்துப்படி. பூச்சி என்று வந்தால் மட்டும் எல்லாம் "பூச்சி"தான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. செடியின் பெயர் தெரிந்துவிட்டால், அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று தேடுவது சுலபம்.

கானாவாழையை வேரோடு ஒன்று பிடுங்கிப் பாருங்கள். மண்ணுக்கடியிலும் பூ வைத்திருக்கும்! வெளிறிய சின்ன மொட்டு. விரியாமலேயே தன் மகரந்தத்தைத் தானே சேர்த்து விதை பிடிக்கும். மேலே நீலப்பூ வண்டுக்கு, கீழே இருப்பது முன்னெச்சரிக்கைக்கு. களையெடுப்பவர்கள் இதை ஏன் சபிக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

எருக்கஞ்செடிக்கு வந்தால் நடை அதோடு நின்றுவிடும். நான் உட்காரும் இடமே அதுதான். இலையின் அடியில் மஞ்சள் அசுவினி அப்பிக் கிடக்கும், அதைத் தின்னப் பொறிவண்டு ஏறும். இன்னொரு கிளையில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்கள், முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகள். இது தின்னும் முறையைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். எடுத்ததும் இலையில் வாய் வைக்காது. முதலில் காம்போரம் போய் நரம்பைக் கடித்து அறுக்கிறது. நஞ்சுள்ள பால் வெளியே வடிகிறது. பால் ஓட்டம் நின்றுபோன நுனிப்பகுதியை அப்புறம்தான் ஓரத்திலிருந்து அரைக்கத் தொடங்குகிறது. அப்படியும் கொஞ்சம் நஞ்சு உடம்பில் சேரத்தான் செய்யும், அது வளர்ந்த பிறகும் போகாது. வெந்தய வரியன் பறவைக்குப் பயப்படாமல் சாவகாசமாகப் பறப்பதன் ரகசியம் அதுதான்.

எருக்கில் உள்ள வெட்டுக்கிளியும் அதே வழிதான். மஞ்சளும் நீலமுமாகப் பட்டை போட்டது. குஞ்சுப் பருவத்தில் தொட்டால் திரவத்தைப் பீய்ச்சும். 2020-ல் வடக்கே பாலைவன வெட்டுக்கிளி படையெடுத்த சமயம், கிருஷ்ணகிரி பக்கம் எருக்கில் மொய்த்த இதைப் பார்த்துத்தான் ஊரே கலங்கியது. உள்ளூர் வெட்டுக்கிளிதான் என்று அதிகாரிகள் வந்து சொல்ல வேண்டியதாயிற்று. ஆயாவைக் கேட்டிருந்தால் "எருக்கம்பூச்சிதானே அது" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார். "பூச்சி ஒண்ணும் பண்ணாது, பாலு கண்ணுல பட்டுட போவுது, பாத்துக்கோ" என்பதுதான் அவருடைய ஒரே எச்சரிக்கை.

பூவுக்கு வரும் கருவண்டை (பெயர்தான் வண்டு, தேனீ இனம்) கிளிப் லென்ஸில் பிடிப்பது கஷ்டம், ஓரிடத்தில் நிற்காது. ஆனாலும் ஒரு படம் தேறியது. காலில் தராசுத் தட்டுகளைப்போல மஞ்சளாக இரண்டு சிறு பைகள் தொங்குகின்றன. எருக்கு மகரந்தத்தைத் தூளாகக் கொடுப்பதில்லை, இப்படிப் பையாகவே வண்டின் காலில் மாட்டிவிடுகிறது.

அதே வண்டு ஆவாரம்பூவுக்குப் போனால் சத்தம் மாறும். இதைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். பறக்கும்போது ஒரு ரீங்காரம், பூவைப் பிடித்துத் தொங்கியதும் சுருதி கூடிய குட்டி குட்டி அதிர்வு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பைகள் பிளந்து விரிவதும் இல்லை, நுனியில் ஓட்டை மட்டுமே. வண்டு இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவிட, தூள் உள்ளிருந்து உதிர்கிறது. நடுவில் உள்ள குட்டை மகரந்தக் கேசரங்கள் அதன் சாப்பாட்டுக்கு. கீழே வளைந்து நீண்டிருப்பவை அது அறியாமல் உடம்பில் தூள் பூசிவிடுவதற்கு. கத்தரிப்பூவிலும் இதே ஓட்டை ஏற்பாடுதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கும் இப்படி உலுக்கும் தேனீக்கள் உதவும். தோட்டத்து வேலியில் நாலு ஆவாரை இருந்தால் நஷ்டமில்லை என்பது என் கட்சி.

மற்றபடி, மழைக்கு மறுநாள் செம்மண்ணில் பட்டுப்பூச்சி, பட்டு நூலுக்கானது இல்லை, வெல்வெட் போன்ற சிவப்புக் குட்டி உயிர். எட்டுக் கால் என்பதால் சிலந்திக்குத்தான் உறவு. மதகுச் சுவரின் நிழலில், மழை நனைக்காத புழுதியில் குழியானை. கூம்புக் குழியில் எறும்பு சறுக்கினால் அடியிலிருந்து மண்ணை வாரி எறியும். இரண்டையும் வீடியோ எடுத்ததோடு சரி.

போன வாரம் கரையில் புதர் வெட்டினார்கள், எருக்கும் போயிற்று. ஆயா அலட்டிக்கொள்ளவில்லை. "எருக்கு சாவுமாப்பா? இன்னொரு மழ பெஞ்சா பாரு" என்றார். நேற்று போய்ப் பார்த்தேன், அடிக்கட்டையில் தளிர் விட்டிருக்கிறது. வெந்தய வரியன் இலைக்கு ஒன்றாகத்தான் முட்டை வைக்கும், பெரும்பாலும் அடிப்புறத்தில். அடுத்த நடைக்கு முட்டையிலிருந்து கூட்டுப்புழு வரை ஒரே செடியில் தொடர்ந்து படமெடுக்க வேண்டும். அடையாளத்துக்குத் தண்டில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டு வந்திருக்கிறேன்.