திரையில் ஒரு நீலம், தாளில் ஒரு நீலம்

போன மழைக்காலத்தில் தொடங்கி இந்தக் கோடை வரை என் மேசையில் இருந்த பெரிய வேலை ஒரு குழந்தைகள் படக்கதைப் புத்தகம். பாக் விரிகுடாவில் வாழும் ஒரு கடல்பசு வலையில் சிக்குகிறது, கன்று பக்கத்திலேயே சுற்றிவருகிறது, மீனவர்கள் வலையை அறுத்து அதை விடுவிக்கிறார்கள். கதை அவ்வளவுதான். 24 பக்கம், எட்டரை அங்குலச் சதுரம். நடுவில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மணமக்கள் உருவம், ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்கு லேபிள் என்று சின்ன வேலைகளும் ஓடின. வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் அவைதான் வழி. பார்ட்டிக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாக இருந்தால் அவை சீக்கிரம் முடிந்துவிடும். படக்கதை அப்படி முடிகிற வேலை இல்லை. ஃப்ரீலான்ஸாக டிஜிட்டல் ஓவியத்துக்கு வர நினைப்பவர்கள் நிறையப் பேர் கேட்பதால், இது எப்படி நடந்தது என்பதை எழுதுகிறேன்.

கதை கைக்கு வந்ததும் நான் ஐபேடைத் திறப்பதில்லை. ஏ4 தாளில் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் போட்டு, பென்சிலால் முழுப் புத்தகத்தையும் கிறுக்கிப் பார்ப்பேன். திரையில் வரைந்தால் கை தானாகவே ஜூம் செய்து கண்ணிமைக்கும் செதிலுக்கும் போய்விடும். சின்னக் கட்டத்தில் அதற்கு இடமே கிடையாது. எது பெரிது, எது சிறிது, வெளிச்சம் எங்கே, அடுத்த பக்கம் திருப்பினால் என்ன தெரியும், இவ்வளவுதான் அங்கே கேள்வி. இந்தக் கட்டம் சரியாக அமையாத புத்தகத்தை எந்த பிரஷ்ஷும் காப்பாற்றாது என்பது என் உறுதியான எண்ணம்.

24 என்ற எண் சும்மா வந்ததில்லை. பெரிய தாளின் இரு பக்கமும் அச்சடித்து மடிக்கும்போது 16 பக்கம் ஒரு ஃபாரம், 8 பக்கம் அரை ஃபாரம். ஆக 24. கதாசிரியர் இன்னும் ஒரு பக்கம் கேட்டால் கொடுக்க முடியாது, வார்த்தையைத்தான் குறைக்க வேண்டும். எங்கள் எடிட்டர் இதில் கெட்டிக்காரர். ‘கன்று பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தது’ என்று ஒரு வரி இருந்தது. அது படத்திலேயே இருக்கிறதே என்று வரியை எடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் இப்போது எழுத்தே இல்லை. புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

அப்புறம் விலங்கைப் படிக்க வேண்டும். இணையத்தில் கடல்பசு என்று தேடினால் மானட்டி என்ற இன்னொரு நீர்வாழ் விலங்கின் படங்களும் கலந்து வரும். இரண்டும் உறவுதான், ஆனால் மானட்டிக்கு வால் வட்டத் துடுப்பு மாதிரி இருக்கும். நம் கடல்பசுவுக்கு டால்பினைப் போலப் பிளவுபட்ட வால். மூஞ்சி தரையைப் பார்த்து வளைந்திருக்கும், கடற்புல்லை மேய்வதற்கு அதுதான் தோது. ஒரு நாளைக்கு 40 கிலோ வரைகூடத் தின்னும் என்கிறார்கள். மேய்ந்த தடம் புல்வெளியில் நீளமான வெற்றுக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை முதல் பக்கத்திலேயே வரைந்தேன். அதைப் பின்தொடர்ந்து போகும் குழந்தை, பக்கத்தைத் திருப்பியதும் கடல்பசுவைச் சந்திக்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு விஷயம் இருந்தது. கடல்பசு மீன் இல்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டே ஆகவேண்டும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டித்தான் சாகிறது. கதையின் முழு பயமும் அந்த மூச்சில்தான் என்று புரிந்தபோது புத்தகத்தின் அமைப்பே மாறியது. ஒவ்வொரு விரிப்பிலும், அதாவது எதிரெதிரே திறக்கும் இரண்டு பக்கத்திலும், நீர்மட்டக் கோட்டை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்தேன். அமைதியான பக்கங்களில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வலை வரும் பக்கத்தில் கோடு தாளுக்கு வெளியே போய்விடும். மேலே, கீழே, எங்கு பார்த்தாலும் தண்ணீர்தான். விடுபடும் பக்கத்தில் கோடு பாதிக்கு இறங்கி, மூக்கு மட்டும் வெளியே தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வலை எப்படித் தண்ணீரில் நிற்கும் என்று நேரில் பார்க்கத் தஞ்சாவூர்க் கடலோரத்தில் உள்ள மல்லிப்பட்டினம் போனேன். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணன், “இங்க பாருங்க தம்பி, மேல மிதவை, அடியில ஈயம், நடுவுல சுவரு மாதிரி நிக்கும்” என்று விரித்தே காட்டினார். ஆவுளியா (கடல்பசுவுக்கு அங்கே அதுதான் பெயர்) சிக்கினால் இப்போது வலையை அறுத்து விட்டுவிடுகிறோம் என்று அவரே சொன்னார். வலை அவருக்குச் சின்னக் காசு இல்லை. அதனால் கதையில் மீனவரை வரையும்போது, கத்தியை எடுக்கும் முன் வலையைப் பார்க்கும் ஒரு முகத்தையும் சேர்த்தேன். புத்தகத்தின் உள்ளட்டையில் ஒரு வரைபடம் உண்டு: தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 2022-ல் தமிழக அரசு அறிவித்த கடல்பசுப் பாதுகாப்பகம், 448 சதுர கிலோமீட்டர்.

வரைந்தது ஐபேடில், ப்ரொக்ரியேட் என்ற ஓவியச் செயலியில். இரண்டு பக்கம் சேர்ந்த விரிப்பு 17 அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சுற்றிலும் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதல். கேன்வாஸ் பெரிதாக ஆக லேயர்களின், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்குகளின், எண்ணிக்கை குறையும் என்பதால் தண்ணீர், விலங்கு, முன்புறப் புல் மூன்றை மட்டும் கடைசி வரை தனித்தனியாக வைத்தேன். நடு மடிப்பில் கண்ணோ முகமோ வரக்கூடாது, தையலுக்குள் போய்விடும்.

கடைசியில் நிறம். இதில்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. தாளில் நாலே நாலு மைதான்: சயன் என்ற நீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. திரையில் பளிச்சென்று இருக்கும் நீலப்பச்சை அச்சில் வரவே வராது. அடர் நீலத்தில் சயனுக்குப் பக்கத்தில் மெஜந்தா ஏறிவிட்டால் கடல் ஊதாவாகிவிடும். சயன் 90 சதவீதம் என்றால் மெஜந்தாவை 50-க்கு மேல் விடாமல் பிடித்தேன். நாலு மையும் (ஒவ்வொன்றும் 100 வரை போகலாம்) சேர்ந்து 300 சதவீதத்தைத் தாண்டினால் சீக்கிரம் காயாது, அடுத்த தாளில் ஒட்டும். புத்தகம் பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் வரப்போகிறது என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தத் தாள் மையைக் குடிக்கும், நிழல்கள் இன்னும் இருண்டுபோகும். அதனால் எல்லா நிழலையும் திரையில் கொஞ்சம் வெளிறியே வைத்தேன். சிவகாசியிலிருந்து ப்ரூஃப் (மாதிரி அச்சு) வந்தபோது, இரவுக் கடல் பக்கம் நான் மனதில் நினைத்த நீலத்தில் இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தத்தையும் சொல்லியாக வேண்டும். பென்சில் தொடும் முன்பே முன்பணம், எத்தனை முறை திருத்தம், எந்த மொழிப் பதிப்புகள் என்று எழுதி வாங்கிவிடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். ‘எல்லா உரிமையும், என்றென்றைக்கும்’ என்று ஒரு வரியோடு வேறொரு நிறுவனம் முன்பு தாள் நீட்டியது. நான் கையெழுத்திடவில்லை, வேலையும் வரவில்லை. இந்தப் புத்தகத்துக்கு அச்சுப் பதிப்பு உரிமை மட்டும் கொடுத்தேன். படங்களைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குத் தரக்கூடாது என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

போன வாரம் அதே பதிப்பகம், நீர்மட்டம் பாதிக்கு இறங்கும் அந்த விரிப்பைப் பள்ளிகளுக்கான சுவரொட்டியாகக் கேட்டது. மூன்றடி அகலத்துக்கு இழுத்தால் 140 டிபிஐ கிடைக்கும், எட்ட நின்று பார்க்கும் சுவருக்கு அது போதும். உரிமை தனி என்பதால் கட்டணமும் தனியாகப் பேசினோம். இந்த வாரம் அதற்கான கோப்பைத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.