செட்டிநாட்டுக் கண்மாய்க் கரையில் மவுண்டன்போர்டு

காற்றடைத்த சக்கரம் பூட்டிய பலகையில் நின்று சரிவில் இறங்கும் மவுண்டன்போர்டு ஓட்டக் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போக வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதல் தடவை ஏறி நிற்பவருக்கு மலை வேண்டாம், காரைக்குடியைச் சுற்றியுள்ள கண்மாய்கள் போதும். மலையில் இறக்கம் முடிவதற்குள் வேகம் கைமீறிவிடும். கண்மாயிலோ இறக்கம் சீக்கிரம் முடிந்து, கீழே தண்ணீர் தேங்கும் உட்பரப்பான உள்வாய் காய்ந்து பரந்து கிடக்கும். பலகை தானாக ஓடி ஓய அந்த வெட்டவெளி அவசியம்.

பனிச்சறுக்குக்காரர்கள் கோடையிலும் சறுக்க ஆசைப்பட்டதால், 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா எனத் தனித்தனியாக உருவான விளையாட்டு இது. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளப் பலகை, முன்னும் பின்னும் டிரக் (சக்கரங்களைப் பலகையோடு இணைத்து, சாய்த்தால் திரும்ப வைக்கும் அச்சு), காற்றடைத்த நான்கு 8 அங்குல டயர், காலைப் பிடிக்க இரண்டு வார். பெரும்பாலான பலகைகளில் பிரேக் கிடையாது. திரும்பித் திரும்பித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பங்குனி, சித்திரைதான் சரியான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய கண்மாய்கள் பலவும் அதற்குள் வற்றியிருக்கும். வெயிலுக்கு முன் காலை ஆறு மணிக்கே இறங்கிவிடுங்கள். கரையின் சரிவிலேயே நேராக இறங்கக் கூடாது, அது செங்குத்து, மண்ணும் சரியும். டிராக்டரும் மாட்டு வண்டியும் உள்ளே இறங்கப் போட்ட சாய்வுப் பாதையைத் தேடுங்கள். 30 மீட்டர் நீளத்தில் 3 மீட்டர் இறங்கும் பாதை கிடைத்தால் போதும். உரசலே இல்லை என்று கணக்குப் போட்டாலும் அடியில் வேகம் மணிக்கு 28 கிலோமீட்டரைத் தாண்டாது. செம்மண் தரை அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதுதான் மரியாதை. கரையில் ஐயனார் கோயில் இருந்தால் வேறு பாதை பாருங்கள். திருமயம் கோட்டைப் பாறையும் குன்றக்குடிப் படிகளும் இதற்கான இடமே அல்ல.

இந்தப் பக்கத்தில் முதல் எதிரி சீமைக்கருவேல முள். காய்ந்த முள் டயரைத் துளைத்து ட்யூபில் இறங்கிவிடும். ட்யூபுக்குள் பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றி, மாற்று ட்யூப் இரண்டு எடுத்துப் போங்கள். பல பலகைகளில் சக்கரத்தின் நடுப்பகுதி இரண்டு பாதிகளாகப் பிரியும். காற்றை முழுக்க இறக்கிய பிறகே அதன் போல்ட்டுகளில் கை வையுங்கள். காற்று இருக்கும்போது கழற்றினால் பாதி தெறித்து முகத்தில் அடிக்கும். புது ட்யூபில் லேசாகக் காற்றடித்து உருட்சி வந்த பின் பாதிகளைச் சேர்த்தால், ட்யூப் இடையில் நசுங்காது.

காற்று 20 முதல் 25 பி.எஸ்.ஐ. போதும். குறைந்த காற்றில் டயர் தரையைக் கவ்வும், வேகமும் மட்டுப்படும். அதற்கும் கீழே போனால் கல்லில் இடித்து ட்யூப் கிழியும். இடது வலது டயர்களில் காற்று மாறினால் பலகை ஒரு பக்கமாகவே இழுக்கும். பெட்ரோல் பங்க் காற்று சின்ன டயருக்குள் நொடியில் ஏறிவிடும், கைப்பம்பே நல்லது. டிரக்கை அளவாக முறுக்குங்கள்: தளர்ந்தால் வேகத்தில் உதறும், இறுகினால் திரும்பாது.

ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் முழங்கை உறை இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். விழும்போது கையை ஊன்றுவது இயல்பு, மணிக்கட்டு உடைவதும் அதனால்தான். சரளைச் சிராய்ப்பு ஆற நாளாகும்.

முதலில் சமதளத்தில் வாரைத் தளர்வாகப் போட்டு, எந்தக் கால் முன்னே என்று பாருங்கள். பிறகு பாதையின் அடியிலிருந்து பத்து மீட்டர் மட்டும் மேலே போய் இறங்குங்கள். ஒவ்வொரு தடவையும் சில அடி கூட்டினால் போதும். முழங்கால் மடங்கியிருக்கட்டும். எடையில் பாதிக்குச் சற்று அதிகம் முன்காலில் இருக்கட்டும். பயத்தில் உடம்பு தானாகப் பின்னே சாயும். சாய்ந்தால் முன் சக்கரங்களில் பாரம் குறைந்து பலகை சொன்னபடி கேட்காது. புதியவர்கள் விழுவது பெரும்பாலும் இதனால்தான். கண் காலைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் தோளும் இடுப்பும் பின்னாலேயே வரும். விரல் பக்கம் அழுத்தினால் ஒரு புறம், குதிகால் பக்கம் அழுத்தினால் மறுபுறம் திரும்பும்.

சாய்வுப் பாதை குறுகலாக இருக்கும், அதில் வளைக்கப் பார்த்தால் கருவேலம் புதரில்தான் நிற்பீர்கள். நேராக வந்து, உள்வாயில் பெரிய வட்டமாக வளைத்துக் கரைச் சரிவை நோக்கி ஏற்றினால் அழகாக நின்றுவிடும். கெட்டித் தரைமேல் உதிரிச் சரளை கிடந்தால் நெல் கொட்டிய சிமெண்டுத் தரை மாதிரி வழுக்கும், அங்கே வளைக்காதீர்கள்.

உள்வாயில் வண்டல் வெடித்திருக்கும் இடத்தை முன்கூட்டியே நடந்து பாருங்கள். வெடிப்பில் பாதம் பக்கவாட்டில் இறங்கினால் அங்கே சக்கரமும் இறங்கும். பலகை சட்டென்று நிற்கும், ஆள் நிற்கமாட்டார். அந்தப் பகுதியைச் சுற்றி நாலு குச்சி நட்டுத் துணி கட்டிவிடுங்கள்.

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் ரயில்கள் காரைக்குடி வழியாகப் போகின்றன. சக்கரங்களைக் கழற்றிவிட்டால் பலகை பெர்த்துக்கு அடியில் அடங்கும். திரும்பும் முன் பேரிங்கில் படிந்த செம்மண்ணை உலர்ந்த துணியால் துடையுங்கள். தண்ணீர் அடித்தால் மண் உள்ளே போய் அரைக்கும்.