டோல்மா லா வரை போகாத கயிலை யாத்திரை

கயிலையின் தெற்கு முகத்தை மானசரோவர் கரையிலிருந்து தரிசித்தோம். மலையைச் சுற்றி வரும் பரிக்கிரமா போகவில்லை. திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அவ்வளவு தூரம் போயும் சுத்தாமலா வந்தீங்க?" கேட்டவர்களில் இரண்டு பேர் அடுத்து கிளம்பப் போகிறவர்கள், அதிலும் வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு. அவர்களுக்காகத்தான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

போனது நானும் அத்தானும். அக்காவுக்கு மூட்டு வலி, "தீர்த்தம் மட்டும் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். அத்தானுக்கு 63 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை உட்காராமல் சுற்றி வருகிறவர். அதனால் அவரைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என்னால் முடியுமா என்றுதான் பயம்.

நாங்கள் போனது நேபாளம் வழி. நேபாள்கஞ்ச் சமவெளி, கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டர்தான். அங்கிருந்து சின்ன விமானத்தில் சிமிகோட், ஏறக்குறைய 2,900 மீட்டர். அப்புறம் ஹெலிகாப்டரில் ஹில்சா, 3,600க்கு மேல். கர்னாலி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் திபெத். பஸ்ஸில் தக்லகோட், 3,900 சொச்சம். அதற்கடுத்து மானசரோவர், 4,590. நடந்தே ஏறிய காலத்தில் வாரக்கணக்கில் ஏறிய உயரத்தை நாங்கள் நான்கே நாளில் ஏறிவிட்டோம்.

மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு வேறு. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இன்று ராத்திரி படுக்கும் இடம் நேற்று படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே இடத்தில் தங்க வேண்டும். எங்கள் பயணத் திட்டத்திலும் தக்லகோட்டில் இரண்டு ராத்திரி இருந்தது. வழியில் ஏற்பட்ட தாமதத்தால் அதை ஒன்றாகக் குறைத்தார்கள். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு நாள் முன்னாலேயே சுவாமியைப் பார்க்கலாமே என்று சந்தோஷப்பட்டோம். இன்று நினைத்தாலும் மனதை உறுத்துவது அந்தச் சந்தோஷம்தான். இந்திய அரசு நடத்தும் லிபுலேக் கணவாய் வழி யாத்திரையில் டெல்லியில் ஒருமுறை, மலைமேல் குஞ்சியில் ஒருமுறை என்று உடல் பரிசோதனை வைத்து, தேறாதவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

மேலே ஆக்ஸிஜன் இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்வோம். காற்றில் அது எங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். கீழே காற்று தன் எடையாலேயே ஆக்ஸிஜனை நுரையீரலுக்குள் தள்ளிக் கொடுக்கிறது. மானசரோவரில் அந்தத் தள்ளுதல் பாதிக்குச் சற்று மேல் இருக்கும். பரிக்கிரமாவின் உச்சியான டோல்மா லாவில், 5,630 மீட்டரில், ஏறக்குறைய பாதி. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். வேகமாக மூச்சு வாங்கி, சிறுநீரகத்தின் போக்கை மாற்றி, மெல்ல மெல்லச் சரிசெய்துகொள்ளும். அதற்கு நாள் வேண்டும். தினமும் நடக்கிறவர், யோகா செய்கிறவர் என்ற சலுகை எல்லாம் இதில் கிடையாது.

தக்லகோட்டிலேயே அத்தானுக்குத் தலைவலி. என்னிடம் சொல்லவில்லை. பாரசிட்டமால் போட்டுக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்தே, உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயாமாக்ஸ் மாத்திரை சாப்பிட்டேன், 125 மில்லிகிராம் காலையும் மாலையும். விரல் நுனியில் லேசாக ஊசி குத்துவது போல இருந்தது, அடிக்கடி சிறுநீர் போனது, அவ்வளவுதான். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அத்தான், "சாமி பார்த்துப்பார்மா, மாத்திரை எதுக்கு" என்று சொல்லிவிட்டு, துணியில் முடிந்த கற்பூரத்தை முகர்ந்துகொண்டு வந்தார். பஸ்ஸில் பாதிப் பேர் கையில் அந்த முடிச்சு இருந்தது. மூக்குக்கு இதமாக இருக்கும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு துளிகூட ஏறாது.

மானசரோவரில் இறங்கிய அன்று பிரதோஷம். அத்தான் மதியம் சாப்பிடவில்லை, விரதம் என்றார். நானும் நம்பினேன். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது என்பதை விரதம் என்ற பேரில் மறைத்திருக்கிறார். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைசுற்றல், இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலே அது மலை நோய் என்று வைத்துக்கொண்டு, மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். மலையில் விரதம் இருக்காதீர்கள் என்று இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். சாப்பிடாத ஒருவருக்குப் பசி இருக்கிறதா இல்லையா என்று கூட வந்தவர்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

ராத்திரி அவர் மூச்சு சில விநாடி நின்று, பிறகு பெரிதாக இழுத்தது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தூக்கத்தில் இப்படி விட்டு விட்டு மூச்சு வருவது அந்த உயரத்தில் பலருக்கும் நடப்பது, அது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். காலையில் நடந்ததுதான் வேறு. ஜெர்க்கினின் ஜிப்பைச் சேர்க்க முயன்றுகொண்டே இருந்தார். இரண்டு பல்லையும் பக்கத்தில் கொண்டு வருவார், நழுவும். மறுபடியும் கொண்டு வருவார். விபூதி எடுத்தவர் நெற்றியில் பூசாமல் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். சம்புடம் சரிந்து மடியெல்லாம் விபூதி. "அத்தான், என்ன பண்றீங்க?" என்றேன். "பஸ் வந்துடுச்சா?" என்றார்.

ஓடிப்போய் வழிகாட்டியை அழைத்து வந்தேன். நேபாள இளைஞர். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினார்: 79. எனக்கு 83. எண்ணை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குச்சியால் கரை மணலில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி அதன்மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அத்தான் பக்கவாட்டில் சாய்ந்தார். நான் பிடித்துக்கொண்டேன். மூளை வீங்கத் தொடங்கினால் முதலில் போவது இந்தச் சமநிலைதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டுமே உயிருக்கு ஆபத்து, இரண்டுக்கும் முதல் வைத்தியம் இறங்குவது.

ஆக்ஸிஜன் வைத்தார்கள், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெதசோன் கொடுத்தார்கள். "மருந்து இங்கே தங்குவதற்கு இல்லை, இறங்கிப் போய்ச் சேருவதற்கு" என்று இந்தியில் சொன்னார் அந்த இளைஞர். அத்தான் வண்டியில் ஏற மறுத்தார். வாசல் வரை வந்துவிட்டு உள்ளே போகாமல் திரும்புவதா என்று குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஜன்னல் வழியே கயிலை முழுசாகத் தெரிந்தது, ஒரு மேகம்கூட இல்லை. "மன்னிச்சுக்கோப்பா, இவரைக் கூட்டிட்டுப் போறேன்" என்று கும்பிட்டேன். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

தக்லகோட் ஏறக்குறைய 700 மீட்டர் கீழே. சாயங்காலத்துக்குள் பேச்சு தெளிந்தது. ராத்திரி கஞ்சி குடித்தார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அப்பர் சுவாமிகள் கதையை அவராகவே ஆரம்பித்தார். கயிலைக்குக் கிளம்பி, கால் தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, உடம்பே முடியாமல் போனவரை இறைவனே வந்து திரும்பிப் போகச் சொன்னது, குளத்தில் மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சி கண்டது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. "திரும்பிப் போன்னு சொன்னதும் அவர்தானேம்மா" என்றார். பிறகு அக்காவுக்காக நிரப்பிய தீர்த்த பாட்டில் எங்கே என்று தேடினார். என் பையில் இருந்தது.

மறுநாள் காலை அவர் கட்டிலில் இல்லை. பதறி வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் நின்றிருந்தார், நெற்றியில் மூன்று பட்டையும் நேராக. தரையில் ஓடு சேரும் கோட்டின்மேல் குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடந்து காட்டினார். பத்து அடி வரை நானும் கூடவே எண்ணினேன்.