திருகோணமலைக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட சொல்

அக்காவின் மகள் கொப்பியோடு வந்து நின்றாள். தன் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். முதல் வரியிலேயே திருகோணமலை ஒரு ஸ்ட்ரடீஜிக் (strategic) நகரம், அதாவது படைக்கும் அரசியலுக்கும் முக்கியமான நகரம், என்று போட்டிருந்தாள்.

"இது எங்க பிடிச்ச சொல்லு?"

"எல்லா இடத்திலயும் அப்படித்தானே மாமா போட்டிருக்கு."

அவள் சொன்னதும் சரிதான். வீட்டில் பழைய ஆங்கிலச் செய்தி இதழ்கள் ஒரு கட்டு கிடக்கிறது, கிடைக்கும்போதெல்லாம் வாங்கிச் சேர்த்தவை. அவற்றில் எங்கள் ஊரின் பெயர் இந்தச் சொல்லின் துணையில்லாமல் வருவதே அபூர்வம். எண்ணெய்க் குதங்கள், அதாவது எண்ணெய்த் தாங்கிகள், என்றாலும் இதுதான், இந்தியாவோடு ஒப்பந்தம் என்றாலும் இதுதான்.

கிரேக்கத்தில் ஸ்ட்ரட்டிகோஸ் என்றால் படைத்தலைவன். அங்கிருந்து வந்த சொல்லுக்குச் சில இடங்களில் உண்மையான வேலை இருக்கிறது. அணு ஆயுதங்களில் எதிரி நாட்டின் உள்ளே வரை போய் விழும் நெடுந்தூர ஆயுதம் ஸ்ட்ரடீஜிக், போர்க்களத்தில் பாவிப்பது டாக்டிகல். 1972இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதங்களுக்கு வரம்பு கட்டக் கைச்சாத்திட்ட சால்ட் (SALT) உடன்பாட்டின் பெயரில் முதல் எழுத்தே இந்தச் சொல்தான். அரபு நாடுகளின் 1973 எண்ணெய்த் தடையில் சூடுபட்ட அமெரிக்கா 1975இல் அவசரத்துக்கென்று தொடங்கிய எண்ணெய்ச் சேமிப்பின் பெயரிலும் இது இருக்கிறது. அங்கெல்லாம் சொல்லை எடுத்துவிட்டால் பொருளும் போய்விடும்.

இதழ்களில் அப்படி இல்லை. ஒரு கம்பனியின் பங்கை இன்னொருவர் வாங்கினால் அவர் ஸ்ட்ரடீஜிக் முதலீட்டாளர். இரண்டு நாட்டுத் தலைவர்கள் கைகுலுக்கினால் ஸ்ட்ரடீஜிக் பங்காளிகள். ஸ்ட்ரடீஜிக் பொறுமை என்று ஒன்று இருக்கிறது, அது சும்மா இருப்பதற்குக் கோட்டு சூட்டு போட்ட பெயர் என்பது என் அபிப்பிராயம்.

தமிழ்ப் பத்திரிகைகளும் சளைத்தவை அல்ல. இங்கே நாங்கள் ஸ்ட்ரடெஜியை மூலோபாயம் என்போம், தமிழ்நாட்டில் உத்தி என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். ஊர் என்று வந்துவிட்டால் மட்டும் 'கேந்திர முக்கியத்துவம் வாய்ந்த திருகோணமலை'தான். வேடிக்கை என்னவென்றால் இந்தக் கேந்திரமும் கிரேக்கச் சரக்கு. கென்ட்ரோன் என்ற சொல் சோதிடத்தோடு சமஸ்கிருதத்துக்கு வந்து கேந்திரமானது, சாதகத்தில் 1, 4, 7, 10ஆம் இடங்கள். ஆக, ஒரு கிரேக்கச் சொல்லை இன்னொரு கிரேக்கச் சொல்லால் மொழிபெயர்த்துவிட்டு நல்ல தமிழ் என்று இருந்திருக்கிறோம்.

எனக்கு உறுத்துவது வேறு. முக்கியம் என்றால் யாருக்கு முக்கியம் என்று ஒரு நான்காம் வேற்றுமை, ஒரு 'க்கு', வர வேண்டாமா? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டது, இது பிரித்தானியருக்கு முக்கியமான துறைமுகம் என்பதால். அவர்கள் 1957இல் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவமும் இந்தத் துறைமுகத்தைப் பாவிக்க விடக்கூடாது என்று இருக்கிறது. பிடிக்குதோ பிடிக்கவில்லையோ, யாருக்கு என்பது அதில் வெளிச்சமாக இருக்கிறது. 2022 ஜனவரியில் திருகோணமலைச் சீனன்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களைப் பிரித்தபோதும் அப்படித்தான்: இரு தரப்பும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14. ஒப்பந்தத்தில் உள்ள அந்த 'க்கு', இதழில் செய்தியாகும்போது எப்படியோ காணாமல் போய்விடுகிறது, ஏதோ துறைமுகத்தின் ஆழம் மாதிரி அதுவும் ஊரின் இயற்கைக் குணம் என்பது போல.

இதையெல்லாம் அவளிடம் சொல்லி முடித்துவிட்டு, "சரி, இப்ப சொல்லு, ஆருக்கு ஸ்ட்ரடீஜிக்?" என்று கேட்டேன். பேனையைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எங்களுக்கு இல்லைப் போல. அப்ப வெட்டிப்போட்டு மான்களைப் பற்றி எழுதவா, மாமா? கோட்டையடியில நிறைய நிக்குதே."

"எழுது."

எழுதினாள். ஆனால் வெட்டவில்லை. அந்தச் சொல்லுக்கு டீச்சர் மார்க்ஸ் போடுவாவாம்.