விதைத் திருவிழாவும் எச்சில் இலைக் கணக்கும்

மரபு விதைத் திருவிழா என்று நோட்டீஸ் அடித்திருப்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு மைதானத்தின் பின்பக்கம் போனால் தண்ணீர் பாட்டிலும் பிளாஸ்டிக் பூச்சுத் தட்டும் குவிந்து கிடக்கும். மேடை, பேச்சாளர், கண்காட்சி எல்லாம் ஒழுங்காக அமைந்துவிடுகிறது. கோட்டை விடுவது பந்தியிலும் கை கழுவும் இடத்திலும்தான். பள்ளி மைதானத்தில் ஒருநாள் விழா, ஐந்நூறு பேர், மதியச் சாப்பாடு, இரண்டு வேளை தேநீர் என்ற அளவில் நடத்தி நடத்திக் கைக்கு வந்த கணக்கு இது. ஆள் கூடினால் அளவுகளைப் பெருக்கிக்கொள்ளலாம். ஆயிரத்தைத் தாண்டினால் பாத்திரம் கழுவும் இடத்தை இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும்.

முதல் வேலை ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு கடிதம். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை உரிமம் இல்லாத இடத்தில் நடத்தினால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. கடிதத்தில் “ஈரக் குப்பை வெளியே வராது, உலர் குப்பை மட்டும் இத்தனை சாக்கு தருவோம்” என்று எழுதிவிடுங்கள். உலர் குப்பை எடுக்கும் வண்டி எந்தக் கிழமை வருகிறது என்பதையும் தூய்மைக் காவலர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்காமல் விட்டால் சாக்குகள் நான்கு நாள் பள்ளி வராந்தாவில் கிடக்கும், எலி வரும், அடுத்த வருடம் மைதானம் கிடைக்காது.

அடுத்தது கடை போடுபவர்களுக்கான கடிதம். தமிழ்நாட்டில் 2018 ஜூன் மாத அரசாணையின்படி, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் தட்டும் அதில் அடக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ‘நெய்யாத துணிப்பை’யும் அப்படியே. பார்க்கத் துணி போல இருக்கும், உண்மையில் அது பாலிபுரொப்பிலீன். ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள்: குறுக்கும் நெடுக்குமாக நூல் வந்தால் துணி, பஞ்சு போலப் பிய்ந்தால் பிளாஸ்டிக். “துணி பேனர்” என்று அச்சகத்தில் தருவதும் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். பழைய வேட்டியில் கையால் எழுதிய பதாகையை மடித்து வைத்தால் தேதியை மட்டும் மாற்றி ஐந்து வருடம் ஓட்டலாம். அதற்காகவே தேதியைத் தனித் துண்டில் எழுதி ஊசி குத்துவது வழக்கம்.

குப்பையைக் குறைக்கும் பெரிய வேலை அடுப்பில் நடக்கிறது. கல்யாணச் சமையல்காரர் ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று கணக்குச் சொல்வார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற சிவப்பரிசிக்கு அந்தக் கணக்கு உதவாது. தவிடு நீங்காத அரிசி சீக்கிரம் வயிற்றை நிரப்பும், கிலோவுக்குப் பத்துப் பேர் தாராளம். ஆக 62 கிலோ கேட்பவரிடம் 50 கிலோ போதும் என்று நின்று பேச வேண்டும். முந்தின இரவே எட்டு மணி நேரம் ஊறப்போட வேண்டும். ஊறாத சிவப்பரிசி வெளியே குழைந்து உள்ளே விறைப்பாக நிற்கும். இலையில் மிச்சமாவதில் பாதி இதனால்தான்.

அந்த 50 கிலோவையும் ஒரேயடியாக உலையில் போடாதீர்கள். 20, 15, 15 என்று மூன்று ஈடு. பதிவு மேசையில் சாப்பாட்டுக்கு ஒரு டோக்கன் கொடுத்து, பகல் பன்னிரண்டரைக்கு எண்ணிக்கை பார்த்த பிறகுதான் மூன்றாம் ஈட்டுக்கு அடுப்பு மூட்ட வேண்டும். தேவைப்படாமல் போனால் ஊறிய அரிசியை நிழலில் ஈரம் போக உலர்த்தி இடித்தால் புட்டுமாவு. வெந்த சோறு மிஞ்சினால் சூடு ஆறியதும் அன்றே தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலை மைதானம் கூட்ட வருபவர்களுக்கு மோரும் சின்ன வெங்காயமுமாகப் பழையது. வடிகஞ்சியைக் கீழே கொட்டாமல் உப்பும் மோரும் கலந்து பதினொரு மணிக்குக் கொடுத்தால் முதல் வேளைத் தேநீரே வேண்டியிராது. தேங்காய் அரைத்த கூட்டு, சட்னி வகை மிஞ்சினால் அதைக் காப்பாற்ற முடியாது. அதனால் அவற்றை மட்டும் கறாராகக் குறைத்துச் செய்வது நல்லது.

எண்ணெய்ப் பலகாரத்துக்கு எங்கள் பட்டியலில் இடமில்லை. வடைச் சட்டியில் மிஞ்சும் எண்ணெயை என்ன செய்வது என்பதற்கு நேர்மையான விடை கிடைக்காது. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, காய்ந்த எண்ணெயில் மொத்தப் போலார் கூறுகள் (எண்ணெய் காயக் காயச் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி சமைக்கக் கூடாது. மைதானத்தில் அதை அளப்பவர் யார்? சுண்டலும் இலைக் கொழுக்கட்டையும் போதும். கொழுக்கட்டையைப் பூவரசு இலையில் அவித்தால் அதற்குத் தட்டுகூட வேண்டாம்.

இலையா, எவர்சில்வர் தட்டா என்று ஒவ்வொரு முறையும் சண்டை வரும். இலை பக்கத்துக் கொல்லையிலிருந்து வந்து, உரக்குழி அதே மைதானத்தில் இருந்தால் இலைதான் நல்லது. லாரியில் வந்த இலையை மாநகராட்சித் தொட்டியில் கொட்டும் நிலை என்றால் தட்டு. தண்ணீரே லாரியில் வரும் ஊராக இருந்தால் மறுபடி இலை. பாக்கு மட்டைத் தட்டு இரண்டுக்கும் நடுவே சௌகரியமாகத் தெரியும். ஆனால் மட்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், உரக்குழியில் கூரை ஓடு போலக் கவிழ்ந்து காற்றை அடைக்கும். அதிலிருந்து ஆல்கலாய்டு என்னும் இயற்கை வேதிப்பொருள்கள் உணவில் இறங்கலாம் என்று 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்ததையும் கணக்கில் எடுக்கலாம். எங்கள் ஏற்பாடு: பந்திக்கு வாழை இலை, சிற்றுண்டிக்கும் தேநீருக்கும் எவர்சில்வர்.

தட்டும் டம்ளரும் வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வரட்டும், அல்லது நாலைந்து தெருக்கள் சேர்ந்து ஒரு பாத்திர வங்கி வைத்துக்கொள்ளலாம். கழுவும் இடத்துக்கு நான்கு அண்டா, ஒவ்வொன்றும் 50 லிட்டர். முதலாவதில் தண்ணீர் கிடையாது, வழித்துப் போடும் இடம் அதுதான்: மேலே ஒரு பெரிய மூங்கில் சல்லடை, பக்கத்தில் தேங்காய் நார். சல்லடை இல்லாவிட்டால் டம்ளரும் கரண்டியும் எச்சிலோடு போய்விடும். காந்தம் வைத்துத் தேடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. இரண்டாவது அண்டாவில் சலித்த விறகுச் சாம்பலோ பூந்திக்கொட்டைச் சாறோ. மூன்றாவதில் அலச நல்ல தண்ணீர். நான்காவதில் கொதி வந்து இறக்கிய வெந்நீர். கூடையில் வைத்து அரை நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். இரண்டாவதையும் மூன்றாவதையும் நூறு தட்டுக்கு ஒருமுறை மாற்றினால் தட்டுக்கு ஒரு லிட்டரைச் சுற்றித்தான் செலவாகும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் இதைப் போலப் பல மடங்கு போகும். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, ஒரு தட்டின் பிசுக்கு நூறு தட்டுக்குப் பரவும். கயிற்றுக் கட்டிலில் கவிழ்த்து வெயிலில் விட்டால் போதும்.

பூந்திக்கொட்டைச் சாறுக்குக் கொட்டை நீக்கிய தோல் 100 கிராம், தண்ணீர் இரண்டு லிட்டர். இரவு ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, கையால் பிசைந்து வடிகட்டவும். மூன்றாம் நாள் புளித்து நாறும், அதனால் முன்கூட்டியே காய்ச்சி வைப்பதில் பயனில்லை. நுரை குறைவாகத்தான் வரும். நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றினால் அலசத்தான் தண்ணீர் கூடும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பலே மேல், அதன் காரம் எண்ணெயை அறுத்துவிடும். விறகுச் சாம்பலாக இருக்க வேண்டும். ஒட்டுப்பலகையும் வர்ணம் அடித்த மரமும் எரித்த சாம்பல் பாத்திரத்துக்கு ஆகாது. பழத்தோல் நொதிக் கரைசல் (வெல்லம் ஒன்று, தோல் மூன்று, தண்ணீர் பத்து, தொண்ணூறு நாள்) தரை துடைக்க நன்றாக இருக்கிறது. அதைக் கிருமிநாசினி என்று விற்பவர்களுக்குக் கடை தராதீர்கள்.

குடிக்க ஆளுக்கு மூன்று லிட்டர். தை மாதம் என்றால் இரண்டு போதும். புதுப்பானையை ஒருநாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்து, அதைக் கொட்டிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் மண்வாடை பேசும். மணல் மேல் வைத்தால் கசிவும் வீணாகாது, பானையும் ஆடாது. அண்ணாந்து குடிக்கத் தெரிந்த தலைமுறைக்குப் பானைக்கு ஒரு செம்பு போதும். இப்போது பாதிப் பேர் சட்டையில் ஊற்றிக்கொள்கிறார்கள், டம்ளரும் வைக்க வேண்டியிருக்கிறது.

இனித் தொட்டிகள். தனியாக நிற்கும் தொட்டியில் கால் மணி நேரத்தில் எல்லாம் கலந்துவிடும். எவ்வளவு அழகாக எழுதி ஒட்டினாலும் சரி. தொட்டிக்கு ஓர் ஆள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றம், அவருக்கு ஒரு நாற்காலி, நிழல். எழுத்துக்குப் பதில் பொருளையே கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள்: ஈரத் தொட்டி மேல் ஒரு வாழைப்பழத் தோல், உலர் தொட்டி மேல் ஒரு பிஸ்கட் உறை. சாப்பிட்டு எழுந்தவரின் கால் போகும் வரிசையிலேயே எல்லாம் அமைய வேண்டும். முதலில் இலை போடும் இடம், பிறகு டம்ளர் வைக்கும் மேசை, கடைசியில் கை கழுவும் குழாய். கையைக் கழுவிவிட்ட பிறகு எவரும் எச்சில் இலையைத் தொட மாட்டார். கை கழுவும் தண்ணீரை வாழைப் பாத்திக்கு விடலாம். பாத்தி இல்லை என்றால் இரண்டு மீட்டர் நீளம், இரண்டு அடி ஆழத்தில் குழி வெட்டிச் செங்கல் ஜல்லி நிரப்பினால் ஒருநாள் தண்ணீரைத் தாங்கும்.

மிச்சச் சோற்றை மாட்டுக்குப் போடலாமே என்று ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். கை அளவு போடலாம். வாளி வாளியாகச் சோறு தின்ற மாட்டுக்கு வயிற்றில் அமிலம் ஏறி, உப்புசம் கண்டு, சில சமயம் உயிரே போகும். பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்கள் படும் பாடு இதனால்தான்.

விதைப் பரிமாற்ற மேசைக்கு வருவோம். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட மறைந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை தந்துவந்தார். வாங்கியவர் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும். சிறிய விழாவுக்கும் இந்த முறை பொருந்தும், எழுதி வைக்க ஒரு நோட்டு இருந்தால் போதும். பொட்டலத்தில் நான்கு விவரம் கட்டாயம்: ரகம், அறுத்த மாதம், ஊர், பயிரின் வயது. ஈரம் தெரியாமல் பிளாஸ்டிக் உறையில் போட்ட விதை ஒரே மாதத்தில் பூசணம் பிடிக்கும். காகித உறையே நல்லது. சந்தேகமான விதையை வாரத்துக்கு முன்பே வாங்கி, நூறு விதையை ஈரச்சாக்கில் சுருட்டி முளை எண்ணிப் பாருங்கள், எண்பதுக்குக் கீழே போனால் மேசைக்கு வேண்டாம். கடையில் வாங்கிய வீரிய ஒட்டுத் தக்காளியிலிருந்து எடுத்த விதையை நாட்டு விதை என்று நல்லெண்ணத்தோடு கொண்டுவருவார்கள். அது தாய்ச்செடி போல முளைக்காது. பூசணி, சுரை விதை என்றால் பக்கத்தில் வேறு ரகம் பூத்ததா என்று கேளுங்கள். தேனீ கலந்துவிட்டிருக்கும். தக்காளியில் அந்தப் பயம் குறைவு.

பழைய பொருள் பரிமாற்ற மேசை வைத்தால் பன்னிரண்டு மணிக்கு மேல் வாங்காதீர்கள், போகாததைக் கொண்டுவந்தவரே எடுத்துப் போக வேண்டும். இந்த விதி இல்லாத இடத்தில் சாயங்காலம் ஒரு வண்டி கிழிந்த துணி மிஞ்சும். மிக்ஸி பழுது பார்க்கும் மேசைக்குத் திருப்புளி செட், கார்பன் பிரஷ், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் இருந்தால் பாதி மிக்ஸிகள் அங்கேயே ஓடிவிடும். கப்ளரைக் கழற்றும்போது மோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்ப வேண்டும். எதிர்த்திசையில் பலங்கொண்டு திருப்பித்தான் மரை போகிறது.

மாலையில் உரக்கூண்டு. கோழி வலையை மூன்றரை மீட்டர் வெட்டி வளைத்துக் கட்டினால் ஒரு மீட்டர் அகலக் கூண்டு. ஒரு மீட்டர் உயரத்துக்கு எண்ணூறு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். காய்த்தோல், எச்சில், இலை எல்லாம் சேர்ந்து 130 கிலோ வாக்கில் வரும். அதற்கு அளவில் இரண்டு பங்கு சருகு வேண்டும். பத்துச் சாக்குச் சருகை ஒரு மாதம் முன்பே சேர்க்காவிட்டால் அன்று கிடைக்காது. ஓர் ஊரில் அன்றைக்குத்தான் பள்ளிக் காவலாளி சருகையெல்லாம் கொளுத்தியிருந்தார். சாம்பாரை வடித்துவிட்டுத் திடத்தை மட்டும் போடுங்கள். வாழை இலையை நான்காகக் கிழியுங்கள், முழு இலை ஒன்றன் மேல் ஒன்று படிந்தால் நடுவில் காற்றுப் போகாது. சோற்றுக் கட்டியை உதிர்த்து விடுங்கள். அடியில் ஒரு முழம் சுள்ளி, பிறகு சருகு, எச்சில், பழைய மட்கு ஒரு கூடை, மறுபடி சருகு. மேலே கட்டாயம் சருகுதான். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை.

மூன்றாம் நாள் நடுவில் ஒரு கம்பியைச் செருகி எடுத்தால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்கும். இல்லையென்றால் காய்ந்துவிட்டது அல்லது குவியல் சின்னது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈரம் அதிகம். கண்ணைக் கரிக்கும் நெடி வந்தால் சருகு குறைவு. இரண்டுக்கும் மருந்து, கூண்டைக் கழற்றிப் பக்கத்தில் நிறுத்திச் சருகோடு புரட்டிப் போடுவதே. ஏழாம் நாள் அப்படி ஒருமுறை, பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை. கறுப்பாகப் பெரிய புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம், படைவீரன் ஈயின் புழு, வேலையைப் பாதியாக்கும்.

ஐம்பது அறுபது நாளில் சலித்து எடுக்கலாம். அதற்குள் கூண்டின் ஓரத்தில் தக்காளி, மிளகாய், பூசணி நாற்று எழும்பியிருக்கும், நாற்றுக்கு ஆசைப்பட்டுக் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். எந்த ரகம் என்று தெரியாத கன்று அது. அதன் விதை அடுத்த வருடப் பரிமாற்ற மேசைக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.