காற்றாடிமலைக்கு ஒரு சீட்டு

ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. ஆடி மாதம். கணவாய் வழியாக வருகிற காற்று, சும்மா விடுமா? கிறிஸ்தவரானதற்காகப் புனித தேவசகாயம் சுடப்பட்ட காற்றாடிமலைக்கு அந்தப் பேர் பொருத்தம்தான். கொண்டுபோன மெழுகுதிரியை மூன்று தடவை ஏற்றினேன், மூன்று தடவையும் அணைந்தது.

சட்டைப் பையில் ஒரு வேண்டுதல் சீட்டு வைத்திருந்தேன். மகனுக்கு வளைகுடாவில் வேலை; ஆறு மாதமாக விசா இழுத்துக்கொண்டே போகிறது. "கிடைத்தால் முதல் சம்பளத்தில் பாதி காணிக்கை" என்று எழுதியிருந்தேன். மறைப்பானேன், பேரம்தான்.

மணியடிச்சான் பாறையைச் சின்னக் கல்லால் தட்டினேன். கல்லோடு கல் மோதுகிற சத்தம் இல்லை அது. வெண்கல மணியைச் சுண்டினது போல 'ணங்' என்றது. பக்கத்தில் ஒரு பாட்டியும் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு வந்திய மக்ளே?"

"மகனுக்கு வேலை விஷயமா பாட்டி."

"எனக்கு முட்டு வலி" என்றார், வெட்கமே இல்லாமல்.

நிழல் பார்த்து உட்கார்ந்தேன். ஞானஸ்நானத்துக்கு முன்னால் நீலகண்ட பிள்ளையாக இருந்தபோது தேவசகாயமும் கஷ்டத்தோடுதான் போயிருக்கிறார். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் உத்தியோகம். ஆனால் வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி டிலனாயிடம் புலம்பியபோது, அவர் பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னாராம். யோபு ஒன்றும் கிடைக்காமல் சும்மாவா கடவுளுக்குப் பயந்து நடக்கிறான் என்று சாத்தான் கேட்கிற கதை. கஷ்டத்தில் இருப்பவரிடம் சொல்ல வேறு கதை கிடைக்கவில்லையா என்று முன்பெல்லாம் நினைப்பேன்.

1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். அதன் பிறகு அவருக்குக் கிடைத்தது என்ன? உத்தியோகம் போனது. 1749-இல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்புறம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14 அன்று இதே மலையில் குண்டு. புனிதர் பட்டம் 2022-இல்தான் வந்தது, 270 வருடம் கழித்து. அதை லாபக் கணக்கில் எழுத முடியாது.

அப்படிப்பட்டவரிடம் போய்ப் பாதிச் சம்பளம் தருகிறேன் என்று சொல்ல எனக்கு நாக்கூசியது. கேட்பதில் தப்பில்லை, பாட்டி கேட்கவில்லையா? கமிஷன் பேசினதுதான் உறுத்தியது.

பேனாவை எடுத்து 'கிடைத்தால்' என்று தொடங்கும் வரியை மட்டும் அடித்தேன். விசா வரியை அடிக்க மனசு வரவில்லை. சீட்டை அப்படியே மடித்துக் கோயிலுக்குள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் ஏறியதும் வீட்டிலிருந்து போன். "காணிக்கை விஷயத்தை மறக்காம எழுதினீங்கல்லா?"

"காத்து ரொம்ப அடிக்குது, ஒண்ணும் கேக்கல" என்றேன்.